சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா? ஒரே இன்சுலினுக்கு எதுக்கு ரெண்டு கணக்கு?



இன்றைக்குக் கூட்டணி பற்றியோ, தொகுதி பற்றியோ எழுதவில்லை. உங்க வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல, முட்டை வைக்கிற தட்டுக்குப் பக்கத்துல நிற்கிற ஒரு சின்னப் பாட்டிலைப் பற்றி எழுதுகிறேன். நம்மில் பலர் வீட்டில் அம்மாவோ, அப்பாவோ, மாமனாரோ யாராவது ஒருத்தர் அந்தப் பாட்டிலை நம்பித்தான் இருக்கிறார். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அரசியல் இதிலும் இருக்கு.

எப்போதும்வென்றானில் இருக்கிற என் பெரியம்மாவுக்கு வயசு 64. இருபது வருசம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவங்க. இப்பவும் சீசனுக்குக் கரிசக்காட்டில் பருத்தி எடுக்கப் போவாங்க. சர்க்கரை வந்து 12 வருசம் ஆச்சு. முதல்ல மாத்திரை, பிறகு இன்சுலின். காலையில 20 யூனிட், தானே போட்டுக்குவாங்க. எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா நம்பர் தெரியும். ‘20’னு போட்ட கோடு வரைக்கும் இழுக்கணும், அவ்வளவுதான் கணக்கு.

ஒரு தை மாசக் கடைசியில சிரிஞ்சு தீர்ந்துபோச்சு. தூத்துக்குடிக்கு வேலைக்குப் போயிட்டு வந்த அண்ணன், வரும்போது ஒரு பாக்கெட் சிரிஞ்சு வாங்கிட்டு வந்தான். வழக்கமா வாங்குறது சிவப்பு மூடி. இது ஆரஞ்சு மூடி. “ஊசி எல்லாம் ஊசிதானே”ன்னு யாரும் கவனிக்கல. பெரியம்மா வழக்கம்போல 20 கோடு வரைக்கும் இழுத்துப் போட்டாங்க.

ரெண்டு வாரத்துல தாகம். ராத்திரி நாலஞ்சு தடவை எந்திரிக்கிறாங்க. கால் எரியுது, உடம்பு வத்திப்போச்சு. டெஸ்ட் எடுத்தா சர்க்கரை 380. பார்த்த இடத்தில், “வாயைக் கட்டுறதே இல்லையாம்மா?”ன்னு ஒரு சத்தம். அந்தப் பொம்பள வாயைக் கட்டாம எங்கே போனாங்க? காலையில கம்மங்கூழ், ராத்திரி ரெண்டு இட்லி. ஆனா அங்கே எதிர்த்துப் பேச முடியுமா? தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டாங்க. டோஸை 30 ஆக்கி அனுப்பினாங்க.

கொஞ்ச நாள்ல ஆரஞ்சு மூடிப் பாக்கெட் தீர்ந்தது. உள்ளூர் கடையில் பழையபடி சிவப்பு மூடி வாங்கினாங்க. இப்ப டாக்டர் சொன்னபடி 30 கோடு. மறுநாள் காலையில ஊசியைப் போட்டுட்டு, கூழைக் குடிச்சும் குடிக்காம பருத்தி எடுக்கப் போயிட்டாங்க. பத்து மணிக்கு வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, கூட இருந்தவங்க கேட்டதுக்கு ஏதோ சம்பந்தமில்லாமப் பேசுறாங்க. பொழியில அப்படியே சாஞ்சுட்டாங்க. நினைவு கொஞ்சம் இருந்ததால யாரோ ஒரு புண்ணியவதி சர்க்கரைத் தண்ணி கலந்து குடிக்க வச்சாங்க. இல்லைன்னா இந்தப் பதிவை நான் வேற மாதிரி எழுதியிருப்பேன்.

அன்னைக்குச் சாயங்காலம் கோவில்பட்டியில ஒரு வயசான டாக்டர்கிட்டே கூட்டிட்டுப் போனோம். எங்க குடும்பத்துல மூணு தலைமுறைக்கு வைத்தியம் பார்த்தவர். அவர் மருந்துச் சீட்டைக் கூடக் கேட்கல. “பாட்டிலையும் ஊசியையும் கொண்டு வந்தீகளா? பழைய பாக்கெட் கவர் ஏதும் இருந்தா அதையும் எடுத்துட்டு வாங்க”ன்னார். ரெண்டு கவரையும் மேசையில பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பார்த்தார். ஒரே நிமிசம். “தாயி, நீங்க ஒரு தப்பும் பண்ணல. ஊசிதான் மாறியிருக்கு”ன்னார்.

பெரியம்மா அப்பத்தான் அழுதாங்க. மயங்கி விழுந்ததுக்கு அழல. “நான் தப்பு பண்ணல”ன்னு ஒருத்தர் சொன்னதுக்கு.

தோழர்களே, என்ன நடந்ததுன்னு கணக்காவே பார்ப்போம்.

நம்ம ஊர்ல இன்சுலின் பெரும்பாலும் ரெண்டு அடர்த்தியில் விற்கிறது. ஒன்று யூ-40. அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட் மருந்து. இன்னொன்று யூ-100. ஒரு மில்லியில் 100 யூனிட். ஒவ்வொன்றுக்கும் தனி சிரிஞ்சு. யூ-40க்குச் சிவப்பு மூடி, யூ-100க்கு ஆரஞ்சு மூடி. ரெண்டு சிரிஞ்சிலும் ‘20’ என்று ஒரு கோடு இருக்கும். ஆனா சிவப்பு மூடி சிரிஞ்சில் அந்தக் கோடு அரை மில்லி. ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் அதே கோடு 0.2 மில்லிதான்.

பெரியம்மாகிட்டே இருந்தது யூ-40 பாட்டில். அதை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தா உடம்புக்குள் போனது 8 யூனிட். 30 ஆக்கினப்போ போனது 12 யூனிட். அப்புறம் சிவப்பு மூடிக்குத் திரும்பினதும், அதே ‘30’ நிஜமான 30 ஆச்சு. ஒரே நாளில் ரெண்டரை மடங்கு.

இதைத் தலைகீழாகவும் நினைச்சுப் பாருங்க. யூ-100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தா உள்ளே போவது 50 யூனிட். தனியா இருக்கிற ஒரு வயசாளி ராத்திரி அதைப் போட்டுட்டுப் படுத்தா, காலையில கதவைத் தட்டினா யார் திறப்பா?

ஒரே பேர்ல ரெண்டு படி வச்சு அளக்கிற கடைக்காரனை நம்ம சந்தையில் விடுவோமா? அரிசிக்கே விட மாட்டோம். உயிர் காக்கிற மருந்துக்கு இத்தனை வருசமா விட்டு வச்சிருக்கோம்.

இது நமக்கு மட்டும் வந்த சிக்கலா?

இல்லை. பல நாடுகள் இந்தக் குழியில் விழுந்து எழுந்தவைதான். 1921-ல் கனடாவின் டொரோண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. ஆரம்பகால மருந்து ரொம்ப நீர்த்தது. சுத்திகரிப்பு முன்னேற முன்னேற அடர்த்தி கூடிக்கொண்டே போனது. பழைய அடர்த்தி போகாமலே புதிய அடர்த்தியும் வந்து சேர்ந்தது.

பிரிட்டனில் நிலைமை இன்னும் மோசம். 20, 40, 80 என்று மூன்று அடர்த்தி. சிரிஞ்சு ஒன்றுதான், அதில் ஒரு மில்லிக்கு 20 கோடு. மருந்து 40 என்றால் ஒரு கோட்டுக்கு 2 யூனிட், 80 என்றால் ஒரு கோட்டுக்கு 4 யூனிட். டாக்டர் யூனிட்டில் சொல்வார், நோயாளி கோட்டில் எண்ணுவார். நம்ம ஊர்ல “பத்து கோடு போடுறேன்”னு சொல்றாங்களே, அதே குழப்பம்தான்.

1970-களில் அமெரிக்கா யூ-100 பக்கம் நகர ஆரம்பித்தது. பிரிட்டன் 1983-ல் மாறியது. மருந்துக் கம்பெனி லேபிளை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று அங்கே யாரும் நினைக்க முடியவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் பழைய பாட்டிலும் பழைய சிரிஞ்சும் போய், புதிய பாட்டிலும் புதிய சிரிஞ்சும் சேர்ந்தே வந்தாக வேண்டும். ஒன்று மாறி இன்னொன்று மாறாவிட்டால் ஆபத்து. நோயாளியை உட்கார வைத்து, பழைய கணக்கை மறக்கச் சொல்லி, புதிய சிரிஞ்சில் இழுத்துக் காட்டச் சொல்லி ஒருத்தர் பார்க்க வேண்டும். அதைச் செய்யக்கூடியவர் யார்? நோயாளியைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த குடும்ப டாக்டரும், நர்சும்தான். அங்கே ஒவ்வொரு குடும்பமும் ஒரு டாக்டரின் பட்டியலில் இருக்கும். யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

நாமும் இப்படி ஒரு மாற்றத்தைப் பார்த்தவர்கள்தான். 1957 ஏப்ரல் 1-ல் அணாக் கணக்கு போய் நயா பைசா வந்தது. பழைய காசும் புதுக் காசும் கொஞ்ச வருசம் சேர்ந்துதான் ஓடின. தாத்தா பாட்டிகள் குழம்பத்தான் செய்தார்கள். ஆனா போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று என்று அரசு முடிவு பண்ணியிருந்தது. இன்சுலினில் அந்த முடிவைத்தான் இன்னும் யாரும் எடுக்கவில்லை.

நம்ம நாட்டு நிலைமை என்ன?

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆதரவு பெற்ற ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி பேர். எல்லாரும் இன்சுலின் போடுபவர்கள் அல்ல. ஆனா அதில் சின்னப் பங்கு என்றாலும் அது லட்சக்கணக்கான வீடு.

ஒன்றிய அரசின் 2022 அத்தியாவசிய மருந்துப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். சாதாரண இன்சுலின், 30:70 கலவை எல்லாம் 40 யூனிட் கணக்கில். அதே பட்டியலில் புதிதாகச் சேர்த்த கிளார்ஜின் 100 யூனிட் கணக்கில். ஒரே பட்டியலுக்குள்ளேயே ரெண்டு படி! பேனாவில் போடும் கேட்ரிட்ஜ் பெரும்பாலும் யூ-100. ஒரே வீட்டில், ஒரே ஃபிரிட்ஜில், அம்மாவுக்கு 40, மாமாவுக்கு 100 இருக்கலாம்.

பேனா வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை குறைவு. திருகினால் யூனிட் வரும், அவ்வளவுதான். பாட்டிலும் சிரிஞ்சும் யாருடையது? அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பவருடையது. தீப்பெட்டி ஆபீசுக்கும், காட்டு வேலைக்கும் போகிறவருடையது. அதனால்தான் சொல்கிறேன், இந்த ரெண்டு கணக்கின் விலையை ஏழைதான் கட்டுகிறான்.

இன்னொரு விஷயம். 2025-ல் நோவோ நோர்டிஸ்க் கம்பெனி, தன்னுடைய ஹியூமன் இன்சுலின் பேனா கேட்ரிட்ஜ்களை இந்தியாவில் படிப்படியாக நிறுத்தப் போவதாகச் செய்தி வந்தது. பாட்டில் தொடர்ந்து கிடைக்கும். அப்படியானால் யூ-100 பேனாவுக்குப் பழகியவர்கள் பலர் யூ-40 பாட்டிலுக்குத் திரும்புவார்கள். கையில் சிரிஞ்சு பிடித்தே பழக்கமில்லாதவர்கள். கம்பெனி தன் வியாபாரத்துக்கு ஏற்ப ஒரு முடிவு எடுக்கும். அந்த முடிவு மேலமந்தையில் ஒரு பாட்டியின் தொடையில் போய் இறங்கும்போது பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

அப்போ நாளைக்கே யூ-40-ஐத் தடை பண்ணிடலாமா?

கூடாது. அவசரப்பட்டால் நாமே ஆபத்தை உண்டாக்குவோம். யூ-40 பக்கமும் நியாயம் இருக்கு, அதையும் நேர்மையாகச் சொல்லணும்.

முதல் நியாயம்: பழக்கம். பல வருசமா சிவப்பு மூடியை வைத்தே வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது: சின்ன டோஸ். யூ-40 சிரிஞ்சில் ஒரு கோடு ஒரு யூனிட். ஒரு மில்லி யூ-100 சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு கோடு 2 யூனிட். குழந்தைகளுக்கு 3 யூனிட், 5 யூனிட் என்று அளக்க அது சரிப்படாது. அதற்கு 0.3 மில்லி, 0.5 மில்லி சிரிஞ்சு வேண்டும்.

மூன்றாவது: வீணாவது. 10 மில்லி யூ-40 பாட்டிலில் 400 யூனிட். தினம் 20 யூனிட் போடுபவருக்கு 20 நாள் வரும். 10 மில்லி யூ-100 பாட்டிலில் 1000 யூனிட். அவருக்கு அது 50 நாள். ஆனா திறந்த பாட்டிலைச் சுமார் நாலு வாரத்துக்கு மேல் வைத்துப் போடக்கூடாது. அப்போ பாதி மருந்து குப்பைக்கா? 5 மில்லி பாட்டிலில் கொடுத்தால் 25 நாளில் தீரும். இப்படிச் சின்னச் சின்ன ஏற்பாட்டை யோசிக்காமல் மாற்றினால், நல்ல முடிவுகூட நோயாளி தலையில்தான் விடியும்.

உலகத்தில் பல நாடுகள் போய்ச் சேர்ந்த இடம் யூ-100. பேனாவும் அதில்தான், புதிய இன்சுலின்களும் அதில்தான். நாமும் அங்கேதான் போக வேண்டும் என்பது என் கருத்து. ஆனா தேதி குறித்து, தயாராகி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

நாம் கேட்பது என்ன?

1. ஒன்றிய அரசு ஒரு தேதியை அறிவிக்கட்டும். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்சுலினுக்கு ஒரே அடர்த்தி. மாறுவதற்குப் போதிய அவகாசம். சின்னப் பாட்டிலும், சின்ன சிரிஞ்சும் அதே பட்டியலில், அதே விலைக் கட்டுப்பாட்டில் வரணும்.

2. தமிழ்நாடு வழிகாட்டலாம். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் மாநிலம் முழுக்க அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிறது. வாங்குகிற கை ஒன்று. கை ஒன்றாக இருக்கும்போது கணக்கும் ஒன்றாக முடியும்.

3. பாட்டிலோடு சிரிஞ்சு. எந்த அரசு மருத்துவமனையில் இன்சுலின் கொடுத்தாலும் அதற்குப் பொருத்தமான சிரிஞ்சை அதே கையால் இலவசமாகக் கொடுக்கணும். “சிரிஞ்சு வெளியில வாங்கிக்கோங்க” என்ற வார்த்தையில்தான் பெரியம்மாவின் கதை ஆரம்பிக்கிறது.

4. மருந்துக் கடையில் இன்சுலின் பாட்டில் காட்டாமல் சிரிஞ்சு விற்கக்கூடாது, சிரிஞ்சு எது என்று கேட்காமல் பாட்டில் விற்கக்கூடாது என்ற பழக்கம் வரணும். கடைக்காரத் தம்பிமார் பெரும்பாலும் நல்லவர்கள்தான். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

5. குடும்ப டாக்டர்களை இதில் மையமாக வையுங்கள். சீட்டில் வெறும் ‘20’ என்று எழுதாமல், 20 யூனிட், எந்த அடர்த்தி, எந்த நிற மூடி என்று தமிழில் எழுதணும். சர்க்கரை திடீரென்று ஏறினாலோ இறங்கினாலோ, டோஸை மாற்றும் முன் “பாட்டிலையும் ஊசியையும் காட்டுங்க” என்று கேட்கணும். நோயாளியைத் திட்டுவதற்கு முன்னாடியாவது கேட்கணும்.

6. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்று அவர்களுக்குத் தெரியும். பிரிட்டனில் டாக்டரின் பட்டியல் செய்த வேலையை இங்கே இவர்களின் பட்டியல் செய்யலாம். அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி, வீட்டுக்கு ஒரு படம் போட்ட அட்டை. படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும். இந்தக் கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியமும் கொடுக்கணும், சும்மா சுமத்தக்கூடாது.

இதில் எதுவும் ஆகாயத்தில் கோட்டை கட்டுகிற வேலை இல்லை. பெரிய பட்ஜெட்டும் தேவையில்லை. ‘ஏழையோட உயிருக்கும் இவ்வளவு நுணுக்கமா கணக்குப் பார்க்கணும்’ என்ற மனசுதான் தேவை.

அது வரும்வரை? இன்னைக்கு ராத்திரியே செய்ய வேண்டியது

பதிவைப் படிச்சு முடிச்சதும் எந்திரிச்சுப் போய் வீட்டு ஃபிரிட்ஜைத் திறங்க. பாட்டிலில் 40 என்று இருக்கா, 100 என்று இருக்கா பாருங்க. பக்கத்தில் இருக்கிற சிரிஞ்சின் மூடியைப் பாருங்க. 40க்குச் சிவப்பு, 100க்கு ஆரஞ்சு. மூடி தொலைஞ்சிருந்தா சிரிஞ்சின் மேலேயே அச்சிட்டிருக்கும், படிச்சுப் பாருங்க.

பொருந்தவில்லை என்றால் நீங்களா டோஸைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஊசியை ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். பாட்டில், சிரிஞ்சு, ரெண்டையும் எடுத்துக்கிட்டு உடனே டாக்டரிடம் போங்க. பேனா கேட்ரிட்ஜுக்குள் சிரிஞ்சைக் குத்தி மருந்து இழுக்கவே கூடாது.

வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நினைவு இருந்தா முதல்ல மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்க. நம்ம கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கைக்கு எட்டினாலும் அதை ரெண்டாவதா வையுங்க. கடலையின் கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். நினைவு இல்லைன்னா வாயில் எதையும் ஊற்றாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

நம் கட்சியின் கிளைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொடி கட்டப் போகிற தெருவில்தான் இந்த வீடுகளும் இருக்கு. இந்த வாரம் உங்க தெருவில் இன்சுலின் போடுகிற நாலு வீட்டுக்குப் போய், பாட்டிலையும் ஊசியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. வைத்தியம் பார்க்க வேண்டாம். நிறம் பொருந்துதான்னு பார்த்துச் சொன்னாப் போதும். பொருந்தாத வீட்டை டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க. போட்டோ எடுத்துப் போட வேண்டாம், அது அவங்க வீட்டு விஷயம்.

பெரியம்மா இப்ப நல்லா இருக்காங்க. திரும்பவும் காலையில 20 யூனிட், சிவப்பு மூடி. புதுப் பாக்கெட் யார் வாங்கி வந்தாலும் முதல்ல மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாங்க. ஆனா அறுபத்து நாலு வயசுப் பொம்பள தினமும் இப்படிப் பயந்து பயந்து பார்க்க வேண்டியிருக்கக் கூடாது. கையில் எந்த ஊசி கிடைத்தாலும் 20 என்றால் 20தான் என்ற நிம்மதியை அவங்களுக்குக் கொடுப்பது அரசின் வேலை. அதைக் கேட்டு வாங்கிக் கொடுப்பது நம் வேலை.

ஒரே மருந்து. ஒரே கணக்கு. அதுவரை, பாட்டிலையும் ஊசியையும் சேர்த்துப் பாருங்க.

படித்ததை வீட்டில் இன்சுலின் போடுகிற ஒருத்தருக்காவது வாசித்துக் காட்டுங்கள், தோழர்களே.